வாசலில் நிற்கிறவர்களின் பங்கு



எருசலேம் தேவாலய ஆராதனை என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருகிறவர் யார்? ஏபோத்தையும் மார்ப்பதக்கத்தையும் தரித்த பிரதான ஆசாரியர். அடுத்து ஆசாப், ஏமான், எதுத்தூன் போன்ற பாடகர்கள். அதற்கப்பால் பலிபீடத்தண்டையில் ஊழியஞ்செய்த ஆசாரியர்கள். ஆயினும் ஆசாரியன் உள்ளே செல்வதற்கு முன்னும், பாடகன் சுரமண்டலத்தை மீட்டுவதற்கு முன்னும், அதிகாலை இருளில் எழுந்து ஆலயக் கதவைத் திறந்த ஒரு கூட்டத்தார் உண்டு. அவர்களே வாசல் காவலாளர்.

வேதத்தை ஆண்டுதோறும் வாசித்து முடிப்பவர்கள்கூட நாளாகமப் புஸ்தகத்தின் பெயர்ப்பட்டியல்களை வேகமாகக் கடந்துவிடுவதுண்டு. ஆனால் அந்தப் பட்டியல்களுக்குள் தேவனுடைய ஆவியானவர் வாசல் காவலாளருக்கு ஒதுக்கியிருக்கும் இடம் வியப்புக்குரியது. 1 நாளாகமம் 9-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியும், 26-ஆம் அதிகாரத்தின் முற்பகுதியும் ஏறக்குறைய முழுவதுமாக அவர்களுக்கே உரியவை. அவர்களுடைய பெயர்களும், தகப்பன்மாரின் பெயர்களும், நின்ற திசைகளும், ஒரு நாளுக்கு எத்தனை பேர் என்ற கணக்கும்கூட எழுதப்பட்டிருக்கின்றன. தேவன் எழுதிவைக்கச் செய்ததை நாம் வாசியாமல் கடந்து செல்லலாகாது. ஆகவே, இம்மாதம் சற்று நேரம் அந்த வாசலண்டையில் நிற்போம்.

நாலாயிரம் பேர்

தாவீது முதிர்வயதில் லேவியரைத் தொகையிட்டபோது, முப்பது வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமாக 38,000 பேர் இருந்தார்கள். அவர்களில் 24,000 பேர் ஆலய வேலையை நடத்தவும், 6,000 பேர் அதிகாரிகளும் நியாயாதிபதிகளுமாக இருக்கவும், 4,000 பேர் கீதவாத்தியங்களால் துதிக்கவும், 4,000 பேர் வாசல் காக்கவும் நியமிக்கப்பட்டார்கள் (1 நாளாகமம் 23:3-5). கவனித்தீர்களா? பாடகர் எத்தனை பேரோ, வாசல் காவலாளரும் அத்தனை பேர். துதிக்கிறவர்களுக்கு ஒருவர் என்றால் வாசலில் நிற்கிறவரும் ஒருவர் என்ற சமநிலையைத் தாவீது வைத்தான்.

எபிரெய மொழியில் வாசலுக்கு 'ஷாஅர்' என்று பெயர். அதிலிருந்து வாசல் காக்கிறவனுக்கு 'ஷோஏர்' என்ற பெயர் உண்டாயிற்று. வாசற்படியைக் குறிக்க 'ஸஃப்' என்ற வேறொரு சொல்லும் உண்டு. பொதுவாக நோக்கினால், வெளிவாசல்களைக் காத்தவர்கள் லேவியர். உள்ளே வாசற்படியைக் காத்தவர்கள் ஆசாரியர். இந்தப் பணி சாலொமோனின் ஆலயத்தோடு ஆரம்பித்ததன்று. வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் இருந்த நாட்களிலேயே இவர்களுடைய முற்பிதாக்கள் பாளயத்தின் நுழைவாயிலைக் காத்தார்கள் என்றும், எலெயாசாரின் குமாரனாகிய பினெகாஸ் அவர்கள்மேல் தலைவனாயிருந்தான் என்றும் 1 நாளாகமம் 9:19, 20 வசனங்களில் அறிகிறோம். சீலோவில் சிறுவனாகிய சாமுவேல், கர்த்தருடைய சத்தத்தைக் கேட்ட அந்த இரவு விடிந்தபோது, முதலாவது செய்த வேலை என்ன? ஆலயக் கதவுகளைத் திறந்ததே (1 சாமுவேல் 3:15). பின்னாட்களில் தாவீதும் ஞானதிருஷ்டிக்காரனாகிய சாமுவேலுமே வாசல் காவலாளரை அந்தப் பொறுப்பில் ஏற்படுத்தினார்கள் என்று வேதம் சொல்லுகிறது (1 நாளாகமம் 9:22). சிறுவயதில் கதவைத் திறந்த கைதான் பின்பு இராஜாக்களையும் அபிஷேகம் பண்ணியது.

கோராகின் வீட்டாருக்குத் திறந்த வாசல்

இந்த வாசல் காவலாளரில் முதன்மையான குடும்பம் எது? கோராகின் குடும்பம். இந்தப் பெயரைக் கேட்டவுடன் எண்ணாகமம் 16-ஆம் அதிகாரம் நினைவுக்கு வர வேண்டும். லேவியனாகிய கோராகு தனக்குக் கொடுக்கப்பட்ட ஊழியத்தில் திருப்தியடையாமல் ஆசாரியத்துவத்தையும் நாடி, மோசேக்கும் ஆரோனுக்கும் விரோதமாக எழும்பினான். அந்தக் கலகம் பயங்கரமான நியாயத்தீர்ப்பில் முடிந்தது. ஆயினும் அவனுடைய குமாரர் அந்நாளில் சாகவில்லை என்று எண்ணாகமம் 26:11 தனியாக ஒரு குறிப்பைத் தருகிறது. தப்பிய அந்தச் சந்ததிக்குத் தேவன் என்ன செய்தார்? தகப்பன் உள்ளே செல்லத் துணிந்து விழுந்தான். பிள்ளைகளையோ தேவன் வாசலிலே நிறுத்தினார். வாசலில் நின்ற அவர்களை அங்கேயே கனப்படுத்தினார்.

சங்கீதப் புஸ்தகத்தில் கோராகின் புத்திரர் பெயரில் அமைந்த சங்கீதங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று 84-ஆம் சங்கீதம். துன்மார்க்கருடைய இல்லங்களில் வசதியாகக் குடியிருப்பதைவிட, தேவாலயத்தின் படியருகே நிற்பதே தனக்கு மேலானது என்று அந்தச் சங்கீதக்காரர் பாடுகிறார். இதை நாம் பெரும்பாலும் தாழ்மையின் வார்த்தையாக மட்டுமே விளக்குகிறோம். கோராகின் வீட்டு வரலாற்றை அறிந்தவர்களுக்கோ அது நன்றியின் வார்த்தையாகவும் ஒலிக்கும். விழுங்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு குடும்பம், வாசற்படியில் நிற்கக் கிருபை பெற்றது. அந்தப் படியை அவர்கள் சிறிதாக எண்ணவில்லை.

பிரியமானவர்களே, உங்கள் குடும்பத்தின் கடந்தகால நிந்தையைச் சுமந்துகொண்டு நகரத்திற்கு வந்தவர்கள் உங்களில் இருக்கலாம். தகப்பனுடைய குடிப்பழக்கம், ஊரில் விழுந்த கடன், முறிந்துபோன உறவுகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு. கோராகின் பிள்ளைகளுக்கு வாசல் கொடுத்த தேவன் உங்களுக்கும் ஒரு நிலையைக் கொடுக்க வல்லவர்.

சீட்டில் விழுந்த திசைகள்

இனி 1 நாளாகமம் 26-ஆம் அதிகாரத்திற்கு வாருங்கள். தலைமைக் காவலரின் மூன்று குடும்பங்கள் அங்கே தொகையிடப்படுகின்றன. கோராகியனாகிய மெஷெலேமியாவின் வீட்டார் 18 பேர். ஓபேத்ஏதோமின் வீட்டார் 62 பேர். மெராரியரில் ஓசாவின் வீட்டார் 13 பேர். ஆக மொத்தம் 93 பேர். எந்த வாசல் யாருக்கு என்பதைப் பெரிய குடும்பம், சிறிய குடும்பம் என்று பாராமல் சீட்டுப்போட்டுத் தீர்மானித்தார்கள். கிழக்கு வாசல் மெஷெலேமியாவுக்கு விழுந்தது. அவனுடைய மூத்த குமாரனும் நல்ல ஆலோசகனுமாகிய சகரியாவுக்கு வடக்கு விழுந்தது. தெற்கு ஓபேத்ஏதோமுக்கு, பண்டகசாலை அவனுடைய குமாரருக்கு. மேற்கே ஏறுகிற பாதையண்டையிலுள்ள வாசல் ஓசாவின் பங்காயிற்று.

நாளொன்றுக்கு நின்றவர்களின் கணக்கும் இருக்கிறது. கிழக்கே 6 பேர், வடக்கே 4 பேர், தெற்கே 4 பேர், பண்டகசாலையண்டையில் இரண்டிரண்டு பேராக 4 பேர், மேற்கே பாதையருகில் 4 பேர், பர்பாரண்டையில் 2 பேர். கூட்டிப் பாருங்கள்: 24 நிலைகள். எல்லாரும் கிழக்கு வாசலையே விரும்பியிருக்கலாம். ராஜா வரும் வாசல் அதுவே. பண்டகசாலையின் பின்புறத்தில் நிற்பவனை யார் காணப்போகிறார்கள்? ஆனால் சீட்டைத் தீர்மானித்தவர் கர்த்தர் என்று அறிந்தவன் தன் திசையைக் குறித்து முறுமுறுக்கமாட்டான்.

இந்தப் பட்டியலில் ஓபேத்ஏதோமின் பெயரைத் தனியாகக் கவனியுங்கள். ஊசா அடிக்கப்பட்ட பின்பு, தாவீது அஞ்சி, தேவனுடைய பெட்டியைத் தன் நகரத்திற்குக் கொண்டுபோகாமல், கித்தியனாகிய ஓபேத்ஏதோமின் வீட்டில் வைத்தான். மூன்று மாதம் அது அங்கே இருந்தது. கர்த்தர் அவன் வீட்டை ஆசீர்வதித்தார் (1 நாளாகமம் 13:13, 14). 'கித்தியன்' என்ற பட்டப்பெயரை வைத்து, அவன் பெலிஸ்தரின் காத் பட்டணத்தான் என்று சில வேத அறிஞர் கூறுவர். லேவியருக்குரிய காத்ரிம்மோன் ஊரான் என்று வேறு சிலர் கூறுவர். எப்படியாயினும், வேறோர் ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு வாழ்ந்த மனிதன் அவன். மற்றவர்கள் அருகில் வரப் பயந்த பெட்டிக்கு அவன் தன் கதவைத் திறந்தான். பின்பு பெட்டி எருசலேமுக்குச் சென்றபோது, அதற்கு முன்பாக வாசல் காப்பவனாக ஓபேத்ஏதோம் என்னும் பெயரே வருகிறது (1 நாளாகமம் 15:24). 26-ஆம் அதிகாரமோ, அவனுக்கு எட்டுக் குமாரர் என்று எண்ணிவிட்டு, அது தேவன் தந்த ஆசீர்வாதம் என்று பழைய நிகழ்ச்சியை நினைப்பூட்டுகிறது. தன் வீட்டு வாசலைத் தேவனுக்குத் திறந்தவனிடம் தேவன் தம்முடைய வீட்டு வாசலை ஒப்படைத்தார்.

ஏழு நாள் முறை

நகரத்தில் பிழைக்க வந்த நமக்கு இந்தப் பகுதி மிகவும் நெருக்கமானது. வாசல் காக்கத் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் 212 பேர் என்று 1 நாளாகமம் 9:22 கூறுகிறது. அவர்கள் எல்லாரும் எருசலேமில் குடியிருக்கவில்லை. தங்கள் தங்கள் கிராமங்களில் வாழ்ந்தார்கள். முறை வரும்போது கிராமத்திலிருந்து நகரத்திற்கு வந்து, ஏழு நாள் தங்கி, தங்கள் சகோதரரோடு காவல் நின்று, பின்பு ஊருக்குத் திரும்பினார்கள் (1 நாளாகமம் 9:25). நான்கு தலைமைக் காவலர் மாத்திரம் நிலையான பொறுப்பில் இருந்து, ஆலயத்தைச் சுற்றிலும் இராத்தங்கி, காலைதோறும் கதவைத் திறந்தார்கள்.

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ் விசுவாசிகளுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. எல்லை மாறினாலும் பிழைப்பின் பாதை மாறவில்லை. நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்திலிருந்து திங்கட்கிழமை காலை ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து, வார இறுதியில் ஊர் திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சாலைக் கடைவீதியில் தலைமுறைகளாக வியாபாரம் செய்கிறவர்கள் உண்டு. கழக்கூட்டத்தில் 1990-ஆம் ஆண்டு டெக்னோபார்க் தொடங்கப்பட்ட பின்பு கணினி வேலைக்கு வந்த வாலிபர் உண்டு. அந்தக் கட்டிடங்களின் வாசலிலும், மருத்துவமனைகளின் வாசலிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலிலும் சீருடை அணிந்து காவல் நிற்கும் நம் சகோதரரும் உண்டு.

அருமையான சகோதரனே, 'நான் வெறும் வாட்ச்மேன்தானே' என்று உங்களை நீங்களே தாழ்வாகப் பேசாதீர்கள். உங்களுடைய தொழிலின் பெயர் பரிசுத்த வேதாகமத்தில் கனமான பெயர். ஊரும் நகரமுமாக அலையும் உங்கள் வாழ்க்கை முறையும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

சாவியும் கணக்கும்

வாசல் காவலாளர் கதவைத் திறந்து மூடியதோடு நின்றுவிடவில்லை. நான்கு தலைமைக் காவலர் ஆலயத்தின் அறைகளுக்கும் பொக்கிஷங்களுக்கும் பொறுப்பாளிகளாயிருந்தார்கள் (1 நாளாகமம் 9:26). அதை அடுத்துவரும் வசனங்களில், பணிமுட்டுகளைக் கையாண்ட லேவியர், அவற்றை வெளியே கொண்டுபோகும்போதும் எண்ணினார்கள், உள்ளே கொண்டுவரும்போதும் எண்ணினார்கள் என்று காண்கிறோம். யோவாஸ் ராஜாவின் நாட்களில், ஆலயத்தைப் பழுதுபார்க்கும் பணத்திற்காக ஆசாரியனாகிய யோய்தா மூடியில் துவாரமிட்ட ஒரு பெட்டியைப் பலிபீடத்தின் அருகில் வைத்தபோது, வாசற்படியைக் காத்த ஆசாரியரே ஜனங்கள் கொண்டுவந்த பணத்தை அதில் போட்டார்கள் (2 இராஜாக்கள் 12:9). எசேக்கியாவின் நாட்களில், மனப்பூர்வமான காணிக்கைகளைப் பங்கிடும் பொறுப்பு கிழக்கு வாசலைக் காத்த கோரே என்பவனிடம் இருந்தது (2 நாளாகமம் 31:14). யோசியாவின் நாட்களிலும் வாசல் காத்தவர்கள் சேர்த்த பணத்தினாலேயே ஆலயம் செப்பனிடப்பட்டது (2 இராஜாக்கள் 22:4). அந்த வேலை நடந்தபோதுதான் நியாயப்பிரமாண புஸ்தகம் கண்டெடுக்கப்பட்டது. வாசலில் உண்மை இருந்தபடியால் உள்ளே எழுப்புதல் வந்தது.

பொக்கிஷத்திற்குக் காவல் என்பது நம் நகரத்தாருக்குத் தெரியாத காரியமன்று. 2011-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவின்படி இந்நகரிலுள்ள பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் திறந்து கணக்கெடுக்கப்பட்டபோது, உலகமே திருவனந்தபுரத்தைத் திரும்பிப் பார்த்தது. அதன்பின் அங்கே எவ்வளவு பலத்த காவல் வைக்கப்பட்டது என்பதை நாமெல்லாரும் அறிவோம். பொன்னுக்கு அவ்வளவு காவல் என்றால், விதவையின் இரண்டு காசுக்கு எவ்வளவு காவல் வேண்டும்! சபையின் காணிக்கையை ஒருவர் தனியாக எண்ணலாகாது. இருவர் சேர்ந்து எண்ண வேண்டும், எழுத வேண்டும், சபைக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இது அவிசுவாசத்தின் அடையாளமன்று. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கியது லேவியரின் பரிசுத்த ஒழுங்கு.

இராக்காவல்

இரண்டாம் ஆலயத்தின் இறுதிக்கால ஒழுங்குகளை யூதருடைய மிஷ்னா என்னும் நூலின் 'மித்தோத்' என்ற பகுதி பாதுகாத்து வைத்திருக்கிறது. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட நூல் அது. ஆலயத்தில் இரவு தோறும் மூன்று இடங்களில் ஆசாரியரும், இருபத்தொரு இடங்களில் லேவியரும் காவல் நின்றார்கள் என்று அது கூறுகிறது. மூன்றும் இருபத்தொன்றும் இருபத்துநான்கு. தாவீதின் நாட்களின் அதே எண்ணிக்கை!

ஆலய மலையின் அதிகாரி, தீவட்டிகள் முன்செல்ல, ஒவ்வொரு காவலிடமாகச் சுற்றி வருவார். காவலன் எழுந்து நின்று அவருக்குச் சமாதானம் கூற வேண்டும். கூறாவிட்டால் அவன் தூங்குகிறான் என்று பொருள். அதிகாரி அவனைக் கோலால் அடிக்கவும், அவனுடைய உடையைக் கொளுத்தவும் உரிமை பெற்றிருந்தார். வெளிப்படுத்தின விசேஷம் 16:15-இல் விழித்திருந்து தன் வஸ்திரத்தைக் காத்துக்கொள்பவனைக் குறித்து நம் ஆண்டவர் கூறுவதை, வேத விளக்கவுரையாளர் பலர் இந்த வழக்கத்தோடு ஒப்பிட்டு விளக்குவதுண்டு.

கதவுகளின் பாரமும் சாதாரணமானதன்று. ஆசாரிய குலத்தைச் சேர்ந்த சரித்திர ஆசிரியர் யோசேப்பஸ், ஆலயக் கதவுகளை நாள்தோறும் மூடுவதற்கு 200 பேருக்குக் குறையாமல் தேவைப்பட்டனர் என்று எழுதியிருக்கிறார். கிழக்கே இருந்த வெண்கலக் கதவு ஒன்றுக்கே 20 பேர் வேண்டியிருந்ததாகவும் அவர் கூறுகிறார். யூத ரபீமாரின் தல்மூத் நூலில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. யோசுவா பென் அனனியா என்ற லேவியர், யோகனான் பென் குட்கதா என்பவருக்குக் கதவை மூட உதவிசெய்யச் சென்றார். அவரோ, நீ பாடகர் வகுப்பைச் சேர்ந்தவன், வாசல் காவலாளர் வகுப்பைச் சேர்ந்தவனல்ல என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பாடத் தெரிந்தவர் என்பதற்காகக் கதவண்டையில் இடம் கிடைத்துவிடவில்லை. வாசல் ஊழியம், வேறு வேலை கிடைக்காதவர்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊழியமாக இருக்கவில்லை.

இங்கே மேய்ப்பருக்கும் மூப்பருக்கும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை இரவு முழுவதும் ஏதோ ஒரு கட்டிடத்தின் வாசலில் விழித்திருந்து, ஞாயிறு காலை சீருடையை மாற்றிக்கொண்டு நேரே ஆராதனைக்கு வருகிற சகோதரன் பிரசங்க வேளையில் கண்ணயர்ந்தால், அவனை மேடையிலிருந்து பெயர் சொல்லி எழுப்பாதீர்கள். அவன் தன் காவலில் தூங்கவில்லை. தன் காவலை முடித்துவிட்டு வந்திருக்கிறான். இராக்காலங்களில் ஆலயத்தில் நின்றவர்களை வாழ்த்துவதற்கென்றே 134-ஆம் சங்கீதம் இருக்கிறது. சபையில் அவனுக்கும் அப்படியொரு வாழ்த்து கிடைக்கட்டும்.

மூடவும் திறக்கவும்

வாசல் காவலாளருடைய பணியில் தடுப்பதும் உண்டு. அசுத்தமுள்ளவன் எவனும் உட்பிரவேசியாதபடிக்கு யோய்தா வாசல்களில் காவலாளரை நிறுத்தினான் (2 நாளாகமம் 23:19). பரிசுத்தத்திற்கு ஒரு வேலி தேவை என்பதை நாம் மறுப்பதில்லை. தவறான உபதேசத்திற்கும், மந்தையைச் சூறையாடும் ஓநாய்க்கும் சபையின் வாசல் மூடப்பட்டேயிருக்க வேண்டும்.

ஆனால் மனிதன் வாசலைக் காக்கத் தொடங்கினால், தேவன் தடுக்காதவர்களையும் தடுக்கத் துணிகிறான். ஏரோது விரிவுபடுத்திய ஆலயத்தில் புறஜாதியார் ஓர் எல்லையைத் தாண்டக்கூடாது என்று கிரேக்க மொழியில் கல்வெட்டுகள் வைக்கப்பட்டிருந்தன. தாண்டினால் மரணம் என்பதே எச்சரிக்கை. அக்கல்வெட்டுகளில் ஒன்றை 1871-ஆம் ஆண்டில் கிளெர்மோன் கன்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் எருசலேமில் கண்டெடுத்தார். இன்று அது இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசியனாகிய துரோப்பீமுவை அந்த எல்லைக்குள் கொண்டுவந்தார் என்று எண்ணியே ஜனங்கள் பவுலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். உடனே கதவுகளும் மூடப்பட்டன (அப்போஸ்தலர் 21:28-30). அதே பவுல்தான், பிரித்து நின்ற நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்துவிட்டார் என்று எபேசு சபைக்கு எழுதினார் (எபேசியர் 2:14). அந்த வார்த்தையின் பின்னால் ஒரு மெய்யான சுவரும், மெய்யான கல்வெட்டும், முகத்துக்கு நேரே மூடப்பட்ட மெய்யான கதவும் இருந்தன.

மூடிய வாசலின் வேதனையை இந்தத் திருவிதாங்கூர் மண் நன்றாக அறியும். பிறப்பின் காரணமாகப் பல இலட்சம் ஜனங்கள் கோயிலுக்குள் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் நடக்கத் தடுக்கப்பட்டிருந்தார்கள். 1924, 1925-ஆம் ஆண்டுகளில் நடந்த வைக்கம் சத்தியாக்கிரகம் அந்தத் தெருக்களுக்காக நடந்த போராட்டமே. தமிழ்நாட்டிலிருந்து பெரியார் ஈ.வெ.ராமசாமி சென்று அதில் பங்கேற்றுச் சிறைப்பட்டார். 1936 நவம்பர் 12-ஆம் தேதி மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டபின், அரசின் ஆளுகையிலிருந்த கோயில்களின் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. ஓர் அரசின் கட்டளை ஒரே நாளில் அத்தனை வாசல்களைத் திறந்தது.

அன்பானவர்களே, நம்முடைய சபைகளின் கதவில் எந்தக் கல்வெட்டும் இல்லை. ஆயினும் வாசலில் நிற்பவரின் கண்ணில் ஒன்று எழுதப்பட்டிருக்கக்கூடும். காரில் வந்து இறங்குகிறவருக்கு முன்வரிசை நாற்காலியும், கட்டிட வேலைக்கு வந்த வெளிமாநிலச் சகோதரனுக்குச் சுவரோரப் பாயும் காட்டப்படுமானால், யாக்கோபு 2-ஆம் அதிகாரம் நமக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. புதிதாக வருகிற ஒருவரிடம் பெயரைக் கேட்கலாம், ஊரைக் கேட்கலாம். ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அதன்மூலம் சாதியை அறியப் பார்ப்பது பரிசுத்தத்தின் காவல் அன்று. கிறிஸ்து தகர்த்த சுவரின் கற்களைப் பொறுக்கி மீண்டும் அடுக்குவது அது.

நம் கேரளத்திலேயே இதற்கு ஒரு நல்ல காட்சி உண்டு. எர்ணாகுளம் மாவட்டத்தின் பறவூரில் பழமையான யூத ஜெப ஆலயம் ஒன்று இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. தெருவிலிருந்து நேரே அதற்குள் நுழைய முடியாது. முதலில் படிப்புரை என்னும் வாசல் வீட்டைக் கடந்து, பின்பு நடையைக் கடந்துதான் ஆலயத்தை அடைய வேண்டும். வருகிறவன் முதலில் சந்திப்பது வாசலைத்தான். சபைக்கு வருகிறவனும் போதகரைச் சந்திக்கும் முன்னே வாசலில் நிற்பவரையே சந்திக்கிறான். அவருடைய முகமே அவன் கேட்கும் முதல் பிரசங்கம்.

அவர்களுடைய பங்கு எங்கே?

இப்போது இந்தக் கட்டுரையின் மையத்திற்கு வருகிறோம். யோசியா ராஜா ஆசரித்த பஸ்கா பண்டிகை இஸ்ரவேலின் சரித்திரத்தில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. ஆயிரக்கணக்கான ஆடுகள் அடிக்கப்பட்டன. பாடகர் தங்கள் இடத்தில் நின்றார்கள். அந்த நெருக்கடியான நாளில் வாசல்களில் நின்றவர்களின் நிலை என்ன? அவர்கள் காவலை விட்டு வந்தால் வாசல் வெறுமையாகும். வராவிட்டால் அவர்களுக்குப் பஸ்கா இல்லை. 2 நாளாகமம் 35:15 இதற்கு விடை தருகிறது. அவர்கள் தங்கள் நிலையை விட்டு அசைய வேண்டியதில்லாதபடிக்கு, லேவியராகிய அவர்களுடைய சகோதரர் அவர்களுக்கான பங்கை ஆயத்தம் பண்ணினார்கள். எல்லாரும் உண்டு களித்தபோது வாசலில் நின்றவன் மறக்கப்படவில்லை.

செருபாபேல், நெகேமியா என்பவர்களுடைய நாட்களிலும் பாடகருக்கும் வாசல் காவலாளருக்கும் அன்றன்றைய பங்கை இஸ்ரவேலர் கொடுத்துவந்தார்கள் (நெகேமியா 12:47). அந்த ஒழுங்கு முறிந்தபோது நடந்தது என்ன? பங்குகள் கொடுக்கப்படாததால், ஊழியஞ்செய்த லேவியரும் பாடகரும் ஆலயத்தை விட்டுத் தங்கள் வெளிநிலங்களுக்கு ஓடிப்போனார்கள் (நெகேமியா 13:10). நெகேமியா ஓடிப்போனவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பங்கைக் கொடுக்கத் தவறிய தலைவர்களையே கடிந்துகொண்டான். ஊழியன் விலகிப்போவதற்குப் பலமுறை அவனுடைய ஆவிக்குரிய குளிர்ச்சி காரணமன்று. அவனுடைய வெறுந்தட்டே காரணம்.

இப்போது நம் சபைகளைப் பாருங்கள். ஞாயிறுதோறும் வெயிலில் நின்று இருசக்கர வாகனங்களை ஒழுங்குபடுத்துகிற சகோதரன் இந்த வருஷத்தில் எத்தனை முறை பிரசங்கத்தை முழுவதுமாகக் கேட்டான்? செருப்புகளையும் பைகளையும் பார்த்துக்கொள்கிற சகோதரி எத்தனை முறை திருவிருந்தில் பங்குபெற்றாள்? கன்வென்ஷன் நாட்களில் இரவெல்லாம் பந்தலைக் காத்தவனுக்குச் சாப்பாடு மீதியிருந்ததா? சம்பளம் பெறும் காவலாளி என்றால், அவனுடைய மாதச் சம்பளம் குறித்த நாளில் அவன் கையில் சேருகிறதா, அல்லது கட்டிட நிதி திரண்ட பின்பு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கப்படுகிறதா?

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. வேதம் காட்டும் முறையே போதும். ஒரே மனிதனை வருஷம் முழுவதும் வாசலில் நிறுத்தாமல், பெரிய குடும்பம் சிறிய குடும்பம் என்று பாராமல், எல்லாக் குடும்பங்களின் பெயரையும் முறைப்பட்டியலில் எழுதுங்கள். மூப்பரின் பெயரும் அதில் இருக்கட்டும். திருவிருந்து ஞாயிறில், வெளியே நிற்கிறவர்களுக்கு அப்பமும் பாத்திரமும் தவறாமல் சேரும்படி ஒருவரை நியமியுங்கள். விருந்து நாளில் முதல் பொட்டலம் வாசலுக்குச் செல்லட்டும். இராக்காவல் வேலையால் ஞாயிறு காலை வர இயலாத குடும்பங்களுக்கு வாரநாளில் ஒரு மாலைக்கூட்டம் நடத்துங்கள். இவை சிறிய காரியங்கள்தான். ஆயினும் யோசியாவின் பஸ்காவை எழுதியவர் இந்தச் சிறிய காரியத்தை விட்டுவிடவில்லை.

திரும்பி வந்தவர்கள்

கி.மு. 586-ஐ ஒட்டி நேபுகாத்நேச்சாரின் சேனை எருசலேமைப் பிடித்தபோது, காவல் சேனாபதியாகிய நேபுசராதான் பிரதான ஆசாரியனையும் இரண்டாம் ஆசாரியனையும் வாசற்படியைக் காத்த மூன்று பேரையும் பிடித்துச் சென்றான். ரிப்லாவில் அவர்கள் கொல்லப்பட்டார்கள் (2 இராஜாக்கள் 25:18-21). அந்த மூவருடைய பெயரும் எழுதப்படவில்லை. காக்க வாசல் இல்லாதபடி ஆலயம் எரிந்துபோயிற்று.

ஆனால் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் பட்டியலை எஸ்றா 2-ஆம் அதிகாரத்தில் எண்ணிப் பாருங்கள். லேவியர் 74 பேர் மட்டுமே. பாடகர் 128 பேர். வாசல் காவலாளரின் புத்திரரோ 139 பேர். இரண்டு தலைமுறை பாபிலோனில் கழிந்தபின்னும், கதவோ சுவரோ இல்லாத ஒரு மலைக்குத் தாங்கள் வாசல் காவலாளர் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வந்தார்கள். அந்நிய நகரத்தில் எந்தத் தொழில் செய்து பிழைத்தாலும், தங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் குடும்பப் பெயரை அவர்கள் மறவாமல் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நகரத்தில் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரே, இதை உங்கள் குடும்ப ஜெபவேளையில் சிந்தியுங்கள். உங்கள் பிள்ளை எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தாலும், தான் தேவனுடைய வீட்டைச் சேர்ந்தவன் என்பதை அறிந்திருக்கிறானா?

பரம எருசலேமுக்குப் பன்னிரண்டு வாசல்கள் உண்டு. அவை பகலில் அடைக்கப்படுவதில்லை; இரவோ அங்கே இல்லை (வெளிப்படுத்தின விசேஷம் 21:25). அங்கே எந்தச் சகோதரனும் மற்றவர்கள் பாடும் சத்தத்தை வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்நாள் வருமளவும் இங்கே வாசல்கள் இருக்கும். அவற்றில் நிற்பதற்கு ஆட்களும் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திற்குள் நுழையும்போது, கதவண்டையில் நிற்பவரின் கையைப் பிடித்து, பெயரைக் கேட்டு, சமாதானம் கூறுங்கள். ஆராதனை முடிவதற்குள் அவருடைய பங்கு அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் தாமே காப்பாராக. ஆமென்.